ஒருவகைப் பறவை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பிள்ளைகளோடு வரும் நம்மவர் குடும்பங்களும் தமிழ்ப்பள்ளிகளின் சுற்றுலாப் பேருந்துகளும் அவ்வரிசையில் உண்டு. இம்மலையில் பணியாற்றும் தலைமையாசிரியன் என்ற முறையில் அவர்களுள் பலருக்கு நான் வழிகாட்டியாகச் சென்றிருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லத் துணிகிறேன். மலைக்கு வரும் நம் பிள்ளைகள் மலையைப் பாராமலே திரும்புகின்றனர். அப்படித் திருப்பி அனுப்புகிறவர்கள் வேறு யாருமல்லர்; நாமே.

அவர்களின் பயணத் திட்டத்தைப் பாருங்கள். காலையில் ஸ்ட்ராபெரித் தோட்டம், அடுத்துத் தேன் கடை, அதன்பின் தேயிலைச் சரிவில் நின்று புகைப்படம், மாலையில் காய்கறிச் சந்தை, இரவில் விடுதி. காட்டுக்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு? பேருந்துச் சன்னல் வழியே தெரிந்தது எவ்வளவோ, அவ்வளவே! பிரிஞ்சாங் மலையின் உச்சியை ஒட்டி, 2,000 மீட்டர் உயரத்தில், மரமெல்லாம் பாசி போர்த்து மூடுபனியில் நனைந்து நிற்கும் காடு இருக்கிறது. அங்கே கால்மணி நேரம் நிற்க ஒழியாதவர்களுக்குக் கடைத்தெருவில் மூன்று மணி நேரம் நிற்க ஒழிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சமவெளிப் பள்ளியொன்றின் மாணவர்களோடு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வேலியோரப் புதரில் கருந்தலையும் வெள்ளிக் கன்னமும் மஞ்சள் மார்பும் கொண்ட சிறு பறவைக் கூட்டமொன்று வந்தமர்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பற்றி, "ஐயா, இது என்ன பறவை?" என்று கேட்டாள். அவளுடைய ஆசிரியை முந்திக்கொண்டு, "ஏதோ ஒரு குருவிம்மா, வரிசையில் நில்" என்றார். நான் அந்த ஆசிரியையைக் குறை கூறத் தகுதியற்றவன். ஏனெனில் முப்பதாண்டுகளாக அதே மலையில் வாழ்ந்தும் எனக்கும் அதன் பெயர் தெரியாது. "ஒருவகைப் பறவை" என்று நானும் சொல்லி நகர்ந்தேன். சிறுமி மறுபடி எதையும் கேட்கவில்லை. ஒரு குழந்தையின் கேள்வியைக் கொல்வதற்கு இரண்டு சொற்கள் போதும் என்பதை அன்று அறிந்தேன்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிய நோயன்று. நம் அகராதிகளையும் உரைகளையும் புரட்டிப் பாருங்கள். 'ஒருவகை மரம்', 'ஒருவகைப் பூ', 'பறவைவகை' என்ற விளக்கங்கள் எத்தனை! பெயரைப் பாதுகாத்தோம், பொருளைத் தொலைத்தோம். வகுப்பறையில் குறிஞ்சித் திணை நடத்துகிறோம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருளை அடுக்கி ஒப்புவிக்கச் சொல்கிறோம். குறிஞ்சிப் பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயரைச் சொன்னார் என்று பெருமிதம் கொள்கிறோம். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கவே அப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. எண்ணிப் பாருங்கள்! தமிழறியாதவனுக்குத் தமிழைக் காட்ட விரும்பிய புலவர் அவனை மலைச்சாரலுக்கு அன்றோ அழைத்துச் சென்றார்! நாமோ மலைக்கே வந்துவிட்ட பிள்ளைகளைத் தேன் கடைக்கு அழைத்துச் செல்கிறோம்.

"காடு ஆபத்தானது; சிறு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். அடர்காட்டுக்குள் புகச் சொல்லவில்லை. தோட்டச் சாலையின் ஓரம் போதும். பாசிக்காட்டின் நடைபாதை போதும். அதிகாலையில், பெரியவர் கையைப் பற்றி, பாதையை விட்டு விலகாமல், பாசியை மிதிக்காமல், கால்மணி நேரம் பேசாதிருந்தால் காடு தானே வெளிவரும். தொலைவுச் சரிவிலிருந்து சியாமாங் குரங்குகள் தொண்டைப் பையை ஊதி எழுப்பும் முழக்கம் கேட்கவும் கூடும். அட்டை கடித்தால் சிறிது குருதி போகும், அவ்வளவே.

"பாடத்திட்டத்துக்கே நேரம் போதவில்லை, தேர்வு இருக்கிறதே!" என்று ஆசிரியர் சிலர் சொல்லி வந்தனர். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அந்தச் சாக்கும் அன்றோடு போயிற்று.

மூன்றாவது எதிர்வாதம் ஒன்றுண்டு. அதை மட்டும் நான் தலை வணங்கிக் கேட்கிறேன். "எங்கள் பாட்டனும் பாட்டியும் காட்டோடு போராடி மாய்ந்தார்கள். அந்த வாழ்விலிருந்து பிள்ளைகளைக் கரையேற்றப் பாடுபடுகிறோம். மறுபடியும் காட்டைக் காட்டவா?" என்கிறார் தோட்டத்தில் பிறந்த தந்தை. உண்மைதான். இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929இல். காட்டைத் திருத்திச் சரிவுகளில் தேயிலை நட்ட கைகளுள் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. ஆனால் அவர்கள் காட்டை அறிந்தவர்கள். எந்தக் கீரையை உண்ணலாம், எந்தப் பறவை கத்தினால் மழை வரும் என்று லயத்து வாசலில் அமர்ந்து சொன்னவர்கள். வறுமையிலிருந்து கரையேறினோம், மகிழ்ச்சி. அறிவையும் ஏன் அக்கரையிலேயே விட்டுவந்தோம்?

பெயரறியாமை வெறும் மொழிக் குறை என்று எண்ணிவிட வேண்டா. இம்மலைச் சரிவுகளில் காட்டை அழித்துக் காய்கறித் தோட்டங்கள் பெருகின. மண் கரைந்து ஆற்றிலும் ரிங்லெட் நீர்த்தேக்கத்திலும் வண்டலாய்ப் படிந்தது. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் குடித்தது. மரத்தின் பெயரையே அறியாதவன் மரம் வீழ்ந்ததற்கு எப்படி வருந்துவான்? 'ஏதோ ஒரு குருவி' மறைந்தால் யார் தேடுவார்?

பம்பாயில் ஒரு சிறுவன், தான் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன குருவி என்று மாமனிடம் கேட்டான். மாமனுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் 'ஏதோ ஒரு குருவி' என்று வாயடைக்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவனை அனுப்பினார். அங்கிருந்த மில்லார்டு என்பவர் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாய்க் காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் இந்தியப் பறவையியலின் பேரறிஞராக விளங்கிய சாலிம் அலி. தெரியாது என்பது குற்றமன்று. தெரியாததை மறைக்கக் கேள்வியை அடக்குவதே குற்றம்.

அந்தச் சிறுமி சென்றபின் நான் நாணத்தோடு ஒரு பறவை நூலை வாங்கினேன். அப்பறவைக்கு ஆங்கிலப் பெயரும் அறிவியற் பெயரும் கிடைத்தன. தமிழில் தேடியும் கிடைக்கவில்லை. மறுவாரம் என் பள்ளி மாணவர்களை அதே வேலியோரம் நிறுத்தினேன். கால்மணி நேரம் பார்த்துவிட்டு அவர்களே ஒரு பெயர் சூட்டினர்: வெள்ளிக்காதன். இன்று எங்கள் பள்ளியில் அது 'ஒருவகைப் பறவை' அன்று. பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியை மலாய்க்காரர் குரங்கின் பானை என்னும் பொருள்பட அழைப்பதையும் பிள்ளைகள் கேட்டறிந்து வந்தனர். சத்துக் குறைந்த மலை மண்ணில் அது பூச்சியைத் தின்று பிழைப்பது ஏன் என்று ஒருவன் வினவ, அன்று அறிவியற் பாடமும் நடந்தேறியது.

ஆசிரியப் பெருமக்களே, ஆசிரியராகப் போகும் மாணவர்களே, பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அடுத்த முறை மலைக்கு வரும்போது கடைத்தெருவிலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக் காட்டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கண்டதை எழுதட்டும், பெயர் தெரியாவிடில் செமாய்ப் பூர்வகுடி முதியவரைக் கேட்கட்டும், மலாய் நண்பனைக் கேட்கட்டும், பாட்டியைக் கேட்கட்டும். எங்கும் கிடைக்காவிடில் தமிழில் ஒரு பெயர் சூட்டட்டும். உங்களைக் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "வா, இருவரும் தேடுவோம்" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமி இந்நேரம் வளர்ந்திருப்பாள். நாளை அவளே ஓர் ஆசிரியையாக மாணவர்களோடு இம்மலைக்கு வரலாம். வேலியோரப் புதரைக் காட்டி ஒரு குழந்தை அவளிடம் கேட்கும். அவள் என்ன சொல்வாள் என்பதை அன்று அவள் கேள்விக்கு நாங்கள் சொன்ன விடை முடிவு செய்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.