எத்தனை யார்டில் ஸீரோ? துப்பாக்கியைக் கேட்காதீர்கள்

நம் வீடுகளில் வேட்டையைப் பற்றிப் பேச்சே எழாது. ஆனால் இங்கே பென்சில்வேனியாவில் வளரும் நம் பிள்ளைகள் சிலர், பள்ளித் தோழர்களோடு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் மஸில்லோடர் மீது தனி ஆசை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கிச் சுடும் துப்பாக்கி அது. ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை யார்டில் ஸீரோ செய்யலாம்?"

என் பதில்: உங்களால் தவறாமல் சுட முடிகிற தூரத்தில். துப்பாக்கிப் பெட்டியில் அச்சடித்திருக்கும் தூரத்தில் அல்ல.

ஸீரோ என்றால் என்ன? குழலை விட்டு வெளியேறிய கணமே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. அதனால் குழலைச் சற்றே மேல்நோக்கி வைத்துச் சுடுகிறோம். குண்டு வளைந்து போய், நீங்கள் குறி வைத்த புள்ளியிலேயே எந்தத் தூரத்தில் படுகிறதோ, அதுதான் ஸீரோ. அதற்கு முன்னால் குண்டு கொஞ்சம் மேலே போகும், அதைத் தாண்டினால் கீழே போகும்.

அக்டோபர் சீசனில் ஸ்கோப் பொருத்திய நவீன 50 காலிபர் துப்பாக்கியை எடுத்துப் போகலாம். 250 கிரெயின் குண்டு, நொடிக்கு 1900 அடி வேகம் என்று வைத்துக்கொள்வோம். அனுபவசாலிகள் பலர் சொல்லும் யோசனை, "100 யார்டில் 3 அங்குலம் மேலே படும்படி வை. 150 யார்டில் நேராகப் படும். 175 வரை யோசிக்காமல் சுடலாம்." கணக்கு சரிதான். ஆனால் அதில் சுடுகிற ஆள் இல்லை.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்: பிழைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல வட்டம். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 4 அங்குலம்தான் இருக்கிறது. ரேஞ்சில் மேசைமேல் வைத்துச் சுடும்போது உங்கள் குண்டுகள் 100 யார்டில் 3 அங்குலத்துக்குள் விழுகின்றன என்று கொள்வோம். காட்டில், குளிரில், மரத்தில் சாய்ந்து, நெஞ்சு படபடக்கச் சுடும்போது அது 6 அங்குலமாவது ஆகும். அதாவது நடுவிலிருந்து 3 அங்குலம் விலகலாம். ஏற்கெனவே 3 அங்குலம் மேலே வைத்திருக்கிறீர்கள். மூன்றும் மூன்றும் ஆறு. இருப்பதோ நான்கு.

100 யார்டிலேயே ஸீரோ வைத்தால்? 50 யார்டில் குண்டு ஒரு அங்குலத்துக்கும் குறைவாகவே மேலே போகும். உங்கள் கை நடுக்கத்துக்கு முழு இடமும் மிஞ்சுகிறது. 150 யார்டில் 4, 5 அங்குலம் கீழே விழும், 200ல் ஓர் அடிக்கு மேல் இறங்கிவிடும். நம் மரக்காடுகளில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஃபிளிண்ட்லாக் சீசன் வேறு உலகம். 1974ல் தொடங்கியது. கல்லில் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிதான் வேண்டும். துணி சுற்றிய ஈய உருண்டையைத்தான் பலர் சுடுகிறார்கள். உருண்டை காற்றைக் கிழிக்காது. 1800 அடி வேகத்தில் கிளம்பினாலும் 100 யார்டுக்குள் சுமார் 40 சதவீத வேகத்தை இழந்துவிடும். 75 யார்டில் ஸீரோ வைத்தால் 100ல் 3 அங்குலம்போலத்தான் கீழே போகும், அது பெரிய தொல்லையில்லை. தொல்லை காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, 100 யார்டில் அந்த உருண்டையை எட்டு, ஒன்பது அங்குலம் தள்ளிவிடும். எந்த ஸீரோவும் அதைச் சரிசெய்யாது. அதனால் ஈய உருண்டைக்கு என் தேர்வு 50 முதல் 75 யார்டு. அதற்கு மேல் நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

திறந்த வயல்வெளியில் வேட்டையாடுபவர்கள் 150 யார்டு வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தத் தூரத்தில், மேசை இல்லாமல் உட்கார்ந்து சுட்டு, குண்டுகளை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் வையுங்கள்.

செய்முறை எளிது. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தபின், 25 யார்டில் தொடங்கி மெல்லத் தள்ளிப் போங்கள். மருந்தின் அளவையும் குண்டையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் குழலைத் துடையுங்கள். காட்டில் நீங்கள் சுடப்போவது சுத்தமான, குளிர்ந்த குழலில் முதல் குண்டு. அது எங்கே படுகிறது என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

மறுபடி மருந்து கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். வயிற்றில் குண்டு பட்ட மான் அதற்குள் புதருக்குள் மறைந்து, இரவு முழுக்க வலியோடு கிடக்கும். ஸீரோ தூரம் என்பது ஸ்கோப்பைத் திருகும் வேலை மட்டுமில்லை. எந்த மானைச் சுடமாட்டேன் என்று முன்கூட்டியே எடுக்கும் முடிவு அது. அதை ரேஞ்சிலேயே எடுத்துவிடுங்கள். மான் முன்னால் வந்து நிற்கும்போது யாருக்கும் நிதானம் இருப்பதில்லை.