வீடு யார் பேர்ல இருக்கு?

1/ நைட் டூட்டியில் ஒரு அம்மா வருவாங்க. முழங்கை வீங்கியிருக்கும். "படியில விழுந்துட்டேன் சார்." காயத்தைப் பார்த்தாலே தெரியும், படி இல்லைன்னு. ஏ.ஆர். என்ட்ரி போடணும்னு சொன்னா பதறுவாங்க. ஏம்மா இன்னும் அங்கேயே இருக்கீங்கன்னு கேட்டா ஒரே பதில்: "வீடு அவர் பேர்ல இருக்கு சார். எங்க போவேன்?"

2/ இது ஒரு பெண்ணின் கதை இல்லை. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தத் த்ரெட்.

3/ நாங்க புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்தது. தறியிலும் மில் ஷிப்டிலும் பெண்களின் உழைப்பு இருக்கு. சம்பளம் வீட்டுச் செலவுக்கு, நகை அடகுக்கு, சீட்டுப் பணம் மனை வாங்க. பத்திரத்தில் மட்டும் அவர் பெயர்.

4/ விவாகரத்துன்னு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனா பாதி கிடைக்கும்னு நினைக்கிறீங்களா? இந்து திருமணச் சட்டம் 27-வது பிரிவு பேசுவது, கல்யாணத்தை ஒட்டி வந்து இருவருக்கும் பொதுவான பொருட்களைப் பற்றி மட்டும்தான். அதன் பிறகு சேர்த்த வீட்டைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொல்லும் விதி அதில் இல்லை.

5/ "அதான் ஜீவனாம்சம் இருக்கே?" ஜீவனாம்சம் பராமரிப்புக்கு. பங்கு என்பது உரிமை. இரண்டும் ஒண்ணு இல்லைங்க.

6/ 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்தார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்குன்னு தீர்ப்பு. இல்லத்தரசி செய்யும் வேலைகளின் பட்டியலில் வீட்டு வைத்தியத்தையும் சேர்த்திருந்தார். ஆனால் அது விவாகரத்து வழக்கு இல்லை. ஒரு தீர்ப்பு சட்டத்துக்கு ஈடாகாது.

7/ சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். விவாகரத்தில் மனைவிக்குச் சொத்தில் பங்கு தரும் திருத்த மசோதா 2013-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கலைந்ததும் காலாவதி. கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்துச் சட்டப்படி, தம்பதிக்குச் சொத்து பொது. அங்கே குடும்பங்கள் சிதைந்தா போயின?

8/ "அவன் உழைச்ச காசு சார்"னு கமென்ட் வரும். அவன் ஷிப்டுக்குப் போனப்போ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஓ.பி. க்யூவில் நின்னது யார்? மனைவி பேரில் வீடு, கணவர் இ.எம்.ஐ. கட்டினா அவருக்கும் இதே நியாயம்தான். நான் கேட்பது ஆண்களுக்கு எதிரான சட்டம் இல்லை. சேர்ந்து சேர்த்ததைச் சேர்ந்தே பிரிக்கும் சட்டம்.

9/ சட்டம் வரும் வரை: வீடு, மனை வாங்கினா இருவர் பேரிலும் பதியுங்க. உங்க பங்கை வங்கி வழியா கொடுங்க. நகை பில், அடகுச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. சீதனம் முழுக்க உங்களுடையது. கஷ்டத்துக்குக் கணவர் எடுத்தாலும் திருப்பித் தரணும்னு 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. வக்கீல் ஃபீஸ் பயமா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்க. அடி விழுந்தா 181.

10/ பத்திரம் அவர் பேரில் இருந்தாலும், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை 2005 குடும்ப வன்முறைச் சட்டம் தருது. அதனால அடுத்த முறை எங்ககிட்ட வந்தா "படி"ன்னு சொல்லாதீங்கம்மா. நடந்ததைச் சொல்லுங்க. நாங்க அப்படியே எழுதுறோம். நாளைக்குக் கோர்ட்டில் அதுவும் ஒரு பத்திரம்தான்.