ஏழு கிலோன்னா ஏழு கிலோதாங்க!

மாமல்லபுரம் வர்ற அத்தனை பேரும் கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டைக்குக் கீழ நின்னு, ரெண்டு கையையும் தூக்கி, பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்குவாங்க. நானும் எடுத்திருக்கேன். சுமார் 250 டன் பாறை, வழுக்குப் பாறைச் சரிவுல நிக்குது. 1908-ல சென்னை மாகாண கவர்னரா இருந்த ஆர்தர் லாலி, இது என்னிக்காவது உருண்டுடும்னு பயந்து ஏழு யானைகளை விட்டு இழுக்கச் சொன்னதா ஒரு கதை ஊர்ல இன்னமும் ஓடுது. பாறை அசையலையாம்.

அது அப்படியே நிக்கும்ங்கற நம்பிக்கையிலதான் கீழ நின்னு பல்லைக் காட்டறோம். அதே நம்பிக்கையோட விமானத்துல ஏறி, தலைக்கு மேல இருக்கற லக்கேஜ் ரேக்குக்குக் கீழயும் உக்கார்றோம் பாருங்க, அங்கதான் தப்பு. பாறை விழாது. பெட்டி விழும். நான் பாத்திருக்கேன். இன்னும் சரியா சொல்லணும்னா, விழுந்தது என் பெட்டிதான்.

2018 டிசம்பர். டில்லியில மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். செங்கல்பட்டுலேருந்து போறோம், சும்மா கையை வீசிட்டுப் போக முடியுமா? மாமல்லபுரத்துல ஒரு பட்டறையில ஒரு அடி உயரப் பிள்ளையார் வாங்கினேன். அசல் கருங்கல், கை உளி வேலை. (மாமல்லபுரம் கல் சிற்பத்துக்கு 2017-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அதைச் சொல்லிச் சொல்லியே மச்சினன்கிட்ட பீத்திக்கலாம்னு ஒரு ஆசை.) பட்டறைப் பெரியவர் சணல் சாக்குல சுத்திக் கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். "கீழ வெச்சுக்கோங்க சார், மேல ஏத்தாதீங்க. நாங்க பட்டறையிலயே இடுப்புக்கு மேல கல்லு வைக்க மாட்டோம்." சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

செக்-இன் பெட்டியில போட்டா மூக்கு உடைஞ்சிடும், கையிலயே கொண்டு போங்கன்னு தங்கமணி சொன்னாங்க. அது சரியாத்தான் பட்டுச்சு. வீட்டு மெஷின்ல பையை எடை போட்டேன். 11 கிலோ. அனுமதி 7 கிலோ. "யார் கேக்கப் போறா?"ன்னு நானே சொல்லிக்கிட்டேன். யாரும் கேக்கலை. கவுன்டர்ல பெரிய பெட்டியைத்தான் எடை போட்டாங்க. தோள்ல சாதாரணமா தொங்கற மாதிரி நடிச்சுக்கிட்டே விமானத்துல ஏறி, ரேக் ஏற்கனவே ரொம்பியிருந்ததால, வேற ஒருத்தர் பெட்டிக்கு மேல என் பையை அமுக்கி, மூடியை அடிச்சு மூடினேன். (அடிச்சு மூடினேன்கறதை அடிக்கோடிட்டுக்குங்க.)

டில்லியில சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், வழக்கம் போல டக் டக்னு சீட் பெல்ட் கழட்டற சத்தம். விமானம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. எனக்கு முன் வரிசைக்காரர் எழுந்து மூடியைத் திறந்தார். அவர் பெட்டி மேல சாய்ஞ்சிருந்த என் பை வழுக்கி, நடைபாதை ஓரத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா தலையில, கழுத்தோரமா இறங்குச்சு. அறுபது வயசு இருக்கும். பொண்ணு பிரசவத்துக்காக வந்தவங்க.

ஒரு நிமிஷம் பேச்சே வரலை அவங்களுக்கு. அப்புறம், "பரவாயில்ல தம்பி, தெரிஞ்சா பண்ணீங்க"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாரிம்மா, பை விழுந்துடுச்சு."

விழுந்துடுச்சாம்! மாம்பழம் விழுந்த மாதிரி.

நிற்க. இந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான் இன்னிக்கு சண்டை போட வந்திருக்கேன். பை தானா விழறதில்லைங்க. நாம தூக்கி அங்க வைக்கிறோம், அதனால விழுது. விதி, டர்புலன்ஸ், மூடி சரியில்லை, முன்னாடி நின்ன ஆள் அவசரப்பட்டான்... எல்லாம் ரெண்டாவது காரணம். முதல் காரணம் 7 கிலோன்னு சொன்ன இடத்துக்கு 11 கிலோ தூக்கிட்டுப் போன அந்தக் கை.

"நாலு கிலோ கூட இருந்தா குடி முழுகிப் போயிடுமா?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டவன்தான். ப்ளஸ் டூ பிசிக்ஸை ஒரு தடவை தூசி தட்டுங்க. ரேக்குக்கும் உக்காந்திருக்கறவர் தலைக்கும் நடுவுல அரை மீட்டர்னு வெச்சுக்குவோம். அவ்வளவு தூரம் விழற சாமான் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதும். ஓடற சைக்கிள் வேகம்தான், பெரிசில்லைன்னு தோணும். ஆனா அடி எவ்வளவு பலமா விழுங்கறதை, சாமான் எவ்வளவு தூரத்துக்குள்ள நிக்குதுங்கறதுதான் முடிவு பண்ணுது. துணி மூட்டைன்னா அமுங்கி, மெதுவா நிக்கும். கல்லு அமுங்காது. 50 சென்டிமீட்டர் விழுந்தது ஒரே சென்டிமீட்டருக்குள்ள நின்னா, விசை எடையைப் போல ஐம்பது மடங்கு. 11 கிலோ பை, அந்தக் கண நேரத்துக்கு 550 கிலோ மாதிரி கழுத்தை அமுக்கும். இப்ப சொல்லுங்க, நாலு கிலோ சின்ன விஷயமா? அந்த நாலு மட்டுமே 200 கிலோ.

"மூடிதான் லாக் ஆயிடுமே"ன்னு அடுத்த சமாதானம். ரேக்குக்குள்ள எத்தனை கிலோ வரை தாங்கும்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. எத்தனை பேர் படிச்சிருக்கோம்? அந்தக் கணக்குக்குள்ள இருக்கற வரைக்கும்தான் பூட்டுக்கும் கொக்கிக்கும் மரியாதை. 1989 ஜனவரி 8-ந் தேதி இங்கிலாந்துல கெக்வொர்த் பக்கத்துல பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737 சாலையோரக் கரையில மோதி விழுந்துச்சு. இருந்த 126 பேர்ல 47 பேர் செத்துப் போனாங்க. அந்த மோதல்ல ஒண்ணே ஒண்ணு தவிர மத்த எல்லா லக்கேஜ் ரேக்கும் கழண்டு விழுந்துச்சு. அது பெரிய விபத்து, ஒத்துக்கறேன். சின்னதா ஒண்ணு சொல்லவா? 2022 மே 1, மும்பையிலிருந்து துர்காபூர் போன ஸ்பைஸ்ஜெட் விமானம் இறங்கறப்ப கடுமையான டர்புலன்ஸ்ல மாட்டுச்சு. விமானம் பத்திரமா இறங்கிடுச்சு. ஆனா 14 பயணிகளுக்கும் 3 சிப்பந்திகளுக்கும் காயம். மேலேருந்து சாமான் விழுந்து அடிபட்டவங்களும் உண்டுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த விஷயத்துல நம்ம பாட்டிங்களுக்கு நம்மை விட அறிவு ஜாஸ்தி. செங்கல்பட்டு ஜங்ஷன்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினா பெரிய பெட்டி எங்க போகுது? சீட்டுக்கு அடியில. சங்கிலி போட்டுக் கட்டி, மேல துண்டு விரிச்சுப் படுப்பாங்க. இரும்பு டிரங்குப் பெட்டியை மேல் பெர்த்துல ஏத்தப் போனா மொத்தக் கம்பார்ட்மென்ட்டும் சேர்ந்து திட்டும். அதே ஆளு திரிசூலத்துல லோக்கல் ட்ரெயினை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் ஏர்போர்ட்டுக்குள்ள போனதும் புத்தி தலைகீழா மாறிடுது. கனமானது எல்லாம் மேல! அம்மிக்கல், இட்லிப்பாத்திரம், ஊறுகாய் பாட்டில், டூட்டி ஃப்ரீ சரக்கு...

எழுதற நாமளும் யோக்கியமில்லை மக்களே. பயணக்குறிப்புன்னு எழுதறப்ப, ஜாக்கெட் பாக்கெட்டுல நாலு புத்தகம் சொருகினேன், கவுன்டர் பக்கத்துல பையைத் தூண் பின்னாடி ஒளிச்சு வெச்சேன், எப்படி ஏமாத்தினேன் பாத்தீங்களான்னு எழுதுவோம். படிக்கறவங்க சூப்பர் ஐடியா தலைன்னு கை தட்டுவாங்க. யாரை ஏமாத்தினோம்? விமானக் கம்பெனியையா? அவங்களுக்கு ஒரு நூறு இருநூறு ரூபா நஷ்டம். ஏமாந்தது கீழ உக்காந்திருந்த தலை.

கம்பெனிக்காரங்களை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. உள்நாட்டு எகானமி வகுப்புல பொதுவா ஒரு பை, 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 115 சென்டிமீட்டர்னு விதி இருக்கு. அளவை மட்டும் பாத்துட்டு எடையை விட்டுடறது ஒரு பழக்கம். ரேக்குல நுழைஞ்சா போதும், என்ன கனம்னு யார் பாத்தா? பத்தாததுக்கு ரேக்கையும் வருஷா வருஷம் பெரிசாக்கறாங்க. போயிங் 737-ல 2015-லேருந்து வர ஆரம்பிச்ச புது ரேக்ல பழசுல நாலு பெட்டி கொள்ளற இடத்துல ஆறு கொள்ளும். இடம் பெரிசானா நம்ம ஆளு எடையைக் குறைப்பானா? இன்னொரு குக்கரைச் சேத்துக்குவான். செக்-இன்ல ஒரு கிலோ கூடினா காசு புடுங்கற அக்கறையில பாதி, ஏறுற வாசல்ல ஒரு தராசு வைக்கிறதுல இருந்தா போதும். அது காசுக்கான தராசா இல்லாம தலைக்கான தராசா இருக்கட்டும்.

பெட்டி மேல நமக்கு இருக்கற பாசமும் சாதாரணமில்லை. 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்துலேருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுதளத்துல மோதி, உள்ள புகை. அப்பவும் எழுந்து ரேக்கைத் திறந்து பை எடுக்கறாங்க, வீடியோவே இருக்கு. 300 பேரும் பிழைச்சாங்க. ஆனா விமானம் நின்ன சுமார் 9 நிமிஷத்துல எரிபொருள் தொட்டி வெடிச்சு, ஒரு தீயணைப்பு வீரர் உயிர் போச்சு. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவுல ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் முழுசா எரிஞ்சப்ப 379 பேரும் சாமானை விட்டுட்டு இறங்கி உயிரோட வந்தாங்க. அவங்களால முடியுது.

சரி, திட்டினது போதும். நான் அதுக்கப்புறம் என்ன பண்றேன்னு சொல்றேன், பிடிச்சா நீங்களும் பண்ணுங்க.

1. கல்லு, பாத்திரம், பாட்டில், புத்தகக் கட்டு எல்லாம் செக்-இன். உடையும்னா மரப்பெட்டி போட்டுக் கொடுப்பாங்க, மாமல்லபுரத்துல கேட்டா போதும்.

2. கூடவே இருக்கணும்னா, முன் சீட்டுக்கு அடியில, காலுக்குப் பக்கத்துல. கால் நீட்ட முடியாது. பரவாயில்லை.

3. அடுத்தவர் பெட்டிக்கு மேல நம்ம பையை அடுக்கக் கூடாது. மூடி அமுக்கித்தான் மூடணும்னா அங்க இடம் இல்லைன்னு அர்த்தம்.

4. விமானம் நின்னு, பெல்ட் விளக்கு அணைஞ்சப்புறம் திறங்க. ஒரு கை மூடியில, இன்னொரு கை உள்ள இருக்கற சாமானைத் தடுக்கிற மாதிரி. கீழ உக்காந்திருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு.

5. உங்க மேல விழுந்தா "பரவாயில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. சிப்பந்தியைக் கூப்பிட்டு அங்கயே எழுதி வாங்குங்க. டாக்டரைப் பாருங்க. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் பின்னாடிகூட வரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடற வயசானவங்களுக்கு மூளைக்கு மேல ரத்தக் கசிவு வாரக்கணக்குல கழிச்சும் தெரிய வரலாம். வெளிநாட்டுப் பயணம்னா 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, விமானத்துக்குள்ள நடக்கற விபத்துல உடம்புக்குக் காயம் பட்டா கம்பெனி பொறுப்பு. இந்தியா 2009-ல அதுல சேர்ந்துச்சு. கேஸ் போட ரெண்டு வருஷம்தான் டைம்.

அந்த அம்மாவை நான் அப்புறம் போன்ல கூப்பிட்டேன். (நம்பர் அன்னிக்கே வாங்கி வெச்சிருந்தேன், அந்த அளவுக்காவது மனுஷனா இருந்தேன்.) கழுத்துல தசைநார் பிசகி பட்டை போட்டிருந்தாங்க. ரெண்டு மாசம் எடை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பேரன் பிறந்திருந்தான். "மூணு கிலோ இருநூறு தம்பி, நல்ல வெயிட்டு. மடியில வெச்சுக் கொடுத்தாத்தான் பாத்துக்க முடியுது, நானா தூக்க முடியலை"ன்னாங்க. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லலை. மருந்துச் செலவைக் கொடுக்கறேன்னதுக்கும் வேண்டாம்னுட்டாங்க.

அன்னிக்குத்தான் முதல் தடவையா சரியா சொன்னேன். "அம்மா, அந்தப் பையை நான்தான் அங்க வெச்சேன். 11 கிலோன்னு தெரிஞ்சே வெச்சேன்."

பிள்ளையாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. டில்லியில மச்சினன் வீட்டுக் கூடத்துல இருக்கார். தரையில.

டிஸ்கி: கை சாமானுக்கு 10 கிலோ வரைக்கும் விடற கம்பெனி இருக்கேன்னு யாராச்சும் வரப் போறீங்க, தெரியும். இருக்கட்டும். கீழ உக்காந்திருக்கறவங்க கழுத்து எத்தனை கிலோ வரைக்கும் விடும்னு கேட்டுட்டு வாங்க, பேசுவோம்.