பம்ப்பைக் கழட்டாதீங்க பாஸ்!

விடியக்காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து மல்லிகை மூட்டையோட பிக்கப் வண்டிகள் வந்து நிக்கும். அதுல பழைய டாடா 207, பழைய பொலிரோவும் உண்டு. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லிக்கு ஒரே வீக்னஸ், சாயங்காலம் விரிஞ்சுடும். மொட்டா இருக்கும்போதே போய்ச் சேரணும், லேட்டானா ரேட் போச்சு. அப்படி ஓடுற வண்டியில ஸ்டீயரிங் கல்லு மாதிரி கனத்துப் போனா?

பட்டறையில பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே சில பேர் தீர்ப்பு சொல்லிடுவாங்க. 'பம்ப் போச்சுண்ணே!' பம்ப்பை மாத்தியும் சரியாகலைன்னா, 'பாக்ஸ் போச்சுண்ணே!' செலவு டிரைவர் தலையில. வண்டி நிக்கிற நாளுக்கு வாடகையும் கிடையாது. உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி ஒரு வண்டி நின்னா, பம்ப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி காசு செலவில்லாத சோதனைகளை முடிச்சுடுங்க.

முதல்ல மேட்டர் என்னன்னு பார்த்துடுவோம். இன்ஜின் பெல்ட் மூலமா ஒரு பம்ப்பைச் சுத்துது. நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பினதும் உள்ளே ஒரு மெல்லிய கம்பி லேசா முறுக்கிக்கிட்டு வால்வைத் திறக்கும். பம்ப் அனுப்புற ஆயில் பிஸ்டனைத் தள்ளி உங்க கைக்குத் துணை நிக்கும். பாஸ்கல் விதிதான், வேறொண்ணும் இல்லை. 1926-லயே அமெரிக்காவுல ஃபிரான்சிஸ் டேவிஸ் இதைக் கார்ல மாட்டி ஓட்டிக் காட்டிட்டார். ஆனா கிரைஸ்லர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது 1951-லதான். ஒரு நல்ல ஐடியாவுக்கு 25 வருஷ அரியர்ஸ்!

இப்ப வண்டிக்கு வருவோம். முன் டயர்ல காத்து இருக்கா? சிரிக்காதீங்க, காத்து குறைஞ்சாலே ஸ்டீயரிங் கனக்கும். அடுத்து ஆயில் டப்பா மூடியைத் திறங்க. மட்டம் குறைஞ்சிருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஊத்திட்டுப் போயிட்டா அடுத்த வாரம் அதே கதைதான். நுரை தள்ளினா உள்ளே காத்து புகுந்திருக்கு. கறுத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா ஆயிலையும் மாத்தணும், ஃபில்டரையும் பார்க்கணும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊத்துற பழக்கம் சில பேர்கிட்ட இருக்கு. தயவுசெஞ்சு வேணாம், உள்ளே இருக்கற ரப்பர் சீல் எல்லாம் உப்பிப்போய் காலி. ஒழுகுற இடத்தை விரலால தடவிப் பார்க்கவும் கூடாது. பிரஷர் ஆயில் தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ளே போயிடும்.

ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது 'கீச்ச்'னு சத்தம் வருதா? பெல்ட் வழுக்குது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெல்ட்டைப் பாருங்க. தொளதொளன்னு இருக்கா, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுக்குதா? இறுக்கணும், இல்லைன்னா மாத்தணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜாக்கி டெஸ்ட். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு மேல நிறுத்துங்க. வெறும் ஜாக்கியை நம்பாதீங்க. இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும், சாவி மட்டும் லாக்குல இருக்கக்கூடாது. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க. அப்பவும் இறுக்கிப் பிடிச்சா பம்ப் மேல பழி போட முடியாது, அதுதான் ஓடவே இல்லையே! கிரீஸ் காஞ்ச பால் ஜாயின்ட், கிங் பின், துருப்பிடிச்ச காலம் ஜாயின்ட்... இதுல ஏதோ ஒண்ணு. ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கற வண்டின்னா, பிட்மேன் ஆர்ம்ல இருந்து லிங்க்கைப் பிரிச்சுட்டு, சக்கரத்தைத் தனியா, ஸ்டீயரிங்கைத் தனியா அசைச்சா ஆள் மாட்டிக்கும். திரும்ப மாட்டும்போது புது காட்டர் பின் போடுங்க.

தூக்கினப்போ லேசா சுத்துது, தரையில இன்ஜின் ஓடும்போது மட்டும் கனக்குதுன்னா இப்பத்தான் பம்ப்பும் பாக்ஸும் கூண்டுல ஏறுது. ஐடிலிங்ல கனத்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா லேசானா பம்ப் பக்கம் சந்தேகம். இடது லேசு, வலது கனம்னா பாக்ஸோட வால்வு பக்கம். இந்தச் சந்தேகத்துக்கே பார்ட்ஸ் வாங்க ஓடாதீங்க. பிரஷர் கேஜ் வெச்சிருக்கற பட்டறைக்குப் போங்க. பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவுல கேஜை மாட்டி, வால்வை அஞ்சு செகண்டுக்குள்ள மூடித் திறந்துடுவாங்க. அதுக்கு மேல மூடி வெச்சா பம்ப் சூடேறிக் கெட்டுடும். சர்வீஸ் மேனுவல்ல போட்ட அளவுக்கு பிரஷர் ஏறலைன்னா பம்ப். ஏறிடுச்சா, பம்ப் நிரபராதி. (பவர் ஸ்டீயரிங் கியர் தயாரிக்கிற ஃபேக்டரியே நம்ம திருச்சி ரோட்டுல விராலிமலை பக்கம் இருக்கு. இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஊட்டிதான் போகணுமா, யோசிங்க!)

டிரைவர் அண்ணன்களுக்கு ஒரு சேதி சொல்லிடுங்க. டீசல் மிச்சம் பண்றேன்னு சிறுமலை இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணினா பவர் ஸ்டீயரிங்கும் ஆஃப், பிரேக் பூஸ்டரும் கொஞ்ச நேரத்துல கையை விரிச்சுடும்.

என்ன மாத்தினாலும் கடைசியா காத்து எடுக்கணும். போரடிக்குதுன்னு நிறைய பேர் விட்டுடற வேலை இது. முன்பக்கத்தைத் தூக்கி, இன்ஜின் ஆஃப்ல, ஒரு இருபது தடவை ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க. மட்டம் இறங்க இறங்க ஆயில் ஊத்துங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, குமிழி நிக்கிற வரைக்கும் மெதுவா திருப்புங்க. ரெண்டு நாள் லோடு ஓடினதும் திரும்ப ஒருக்கா அந்த மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்க.