கோடு கிழித்தவர் யார்?

"விளையாட்டுத்தானே! வெறும் பொம்மை உயிர்தானே! இதில் அறம் எங்கே வந்தது?" வீடியோ விளையாட்டு வணிகரும் அவர்தம் வழக்குரைஞரும் நம்மை நோக்கி வீசும் கேள்வி இது. கூர்மையான கேள்விதான். ஆனால், அந்தக் கூர்மை வீசியவர் மார்பையே பதம் பார்க்கிறதே!

எப்படி என்கிறீர்களா, தோழர்களே?

திறந்த உலக விளையாட்டு என்றொரு வகை உண்டு. நகரம் ஒன்றை முழுமையாகத் திரையிலே படைத்து, "எங்கு வேண்டுமானாலும் செல், எதை வேண்டுமானாலும் செய்" என்று ஆடுபவன் கையிலே ஒப்படைத்துவிடுவது. 2001இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது. அதிலே வழியே போகிறவனை அடித்துச் சாய்க்கலாம். அவனருகே சிதறிய பணத்தைப் பொறுக்கலாம். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணைக் காரில் ஏற்றலாம், காசு கொடுக்கலாம், பின்னர் அவளைக் கொன்று அந்தக் காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் துரத்துகிறதா? காருக்குப் புது வண்ணம் பூசினால் போதும். வண்ணம் காய்வதற்குள் பழி மறைந்துபோகும்!

அந்த நகரத் தெருக்களிலே ஆண் உண்டு, பெண் உண்டு, முதியவர் உண்டு. குழந்தை மட்டும் இல்லை. ஏன்? 2008இன் 'ஃபால்அவுட் 3'இலும் 2011இன் 'ஸ்கைரிம்'இலும் குழந்தைகள் உண்டு; ஆனால் எந்தக் குண்டும், எந்த வாளும் அவர்களைச் சாகடிக்காது. ஏன்?

வெறும் பொம்மையென்றால், குழந்தைப் பொம்மைக்கு மட்டும் கவசம் எதற்கு? படைத்தவர் கை அங்கே நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்துக்குப் பெயர்தான் அறம்! 'அறமன்று, விற்பனை கெடுமே என்ற அச்சம்' என்பீரா? அப்படியானால் இழிவு இருமடங்கு. குழந்தையைக் கொன்றால் கடை மூடும், ஏழைப் பெண்ணைக் கொன்றால் கல்லா நிறையும் என்று கணக்குப் பார்த்துக் கிழித்த கோடா அது? 2013இல் வந்த ஐந்தாம் பாகம் 20 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கல்லாவுக்குக் குறையில்லை!

எப்படியாயினும், கோடு உண்டென்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனி வழக்கு, கோடு எங்கே என்பதுதான்.

2018இன் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' மானத்துக்கு ஓர் அளவுகோல் வைத்தது. குற்றமற்றவரைக் கொன்றால் மானம் குறையும். பிடித்த மீனை ஆற்றிலே விட்டால் கூடும்! மனிதனைச் சுட்டவன், மீனுக்கு இரங்கி மாசு கழுவிக்கொள்கிறான். அவ்விளையாட்டிலே வாக்குரிமை கேட்டு வீதியில் நிற்கும் பெண்ணை அடித்தும் கொன்றும் எடுத்த படங்கள் அதே ஆண்டு யூடியூபில் ஏறின. இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். அவள் சாவு அங்கே வேடிக்கைப் பொருள்!

விளையாடியவன் தெருவிலிறங்கிக் கொலை செய்வான் என்று நாம் கூறவில்லை. தடைச் சட்டமும் கேட்கவில்லை. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்கக் கூடாதென்ற கலிபோர்னியச் சட்டத்தை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கிலே செல்லாதென்றது. படைப்புரிமையை நாமும் மதிக்கிறோம். உரிமை உடையவனிடமே பொறுப்பைக் கேட்கிறோம்.

நாம் கேட்பது ஒன்றே: செய்கைக்கு விளைவு வேண்டும். முடியாததா? 1997இன் முதல் 'ஃபால்அவுட்' குழந்தையைக் கொன்றவனுக்கு அந்தக் கொடும்பெயரையே சூட்டி, அவன் தலைக்கு விலை பேசும் வேட்டைக்காரரை ஏவியது. 2007இன் 'அசாசின்ஸ் கிரீட்', குடிமக்களைக் கொல்பவனை எச்சரித்தது. மீறினால் ஆட்டத்தையே அறுத்தது. இவற்றால் ஆட்டம் சுவை குன்றிவிடவில்லையே!

உயிரிலே உயர்வு தாழ்வு கற்பிப்பது திரையிலானாலும் தீதே. குழந்தைக்காக நடுங்கிய கை, அதன் தாய்க்காகவும் நடுங்கட்டும்!