தந்தியில் இன்னொரு வரி

இந்த வாரம் கலாய்ப்புக்கு லீவு. கொஞ்சம் சீரியஸா பேசலாமா?

ரெண்டு மாசம் முன்னாடி, கிளாஸ்மேட் ஒருத்தனோட அக்கா மகள் இறந்துட்டா. நாலு வயசு. காய்ச்சல்னு படுத்தவ எழுந்திருக்கவே இல்லை. லேப் கட் அடிச்சுட்டு ஆறு பேர் போனோம். மத்த அஞ்சு பேரும் பேசாம நின்னாங்க. நான்தான், 'எல்லாம் நல்லதுக்குதான் அக்கா'ன்னு உளறித் தொலைச்சேன். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாங்க. எந்த வைவாவிலும் நான் அப்படிக் கூசி நின்னதில்லை.

அன்னிக்கு சாயந்திரம் ஜெபத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டு பாடினாங்க. 'இட் இஸ் வெல் வித் மை சோல்'. நான் சர்ச்சுக்குப் போற ஆள் இல்லை. குழந்தை போன வீட்டில் 'மனசு நலம்'னு எப்படிப் பாட முடியும்னு கோபமே வந்தது. அந்தப் பாட்டு பிறந்த கதையைத் தேடிப் படிச்சேன்.

எழுதியவர் சிகாகோ வக்கீல் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட். 1873 நவம்பரில் மனைவி அன்னாவையும் நாலு மகள்களையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார். நவம்பர் 22 அன்று, நடு அட்லாண்டிக்கில் அது இன்னொரு கப்பலோடு மோதி, சில நிமிடங்களில் மூழ்கியது. 226 பேர் பலி. நாலு மகள்களும் அதில் அடக்கம். அன்னாவை மட்டும் மீட்டார்கள். கரை சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்: 'தனியாகத் தப்பினேன்.'

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா தந்தியில் அடுத்த வரி ஒண்ணு இருக்கு: 'என்ன செய்வேன்?'

எனக்கு அந்த வரிதான் தைச்சது. நம்பிக்கை உள்ள அம்மாவுக்கும் பதில் தெரியலை. அழுகையை மறைச்சு 'அல்லேலூயா'ன்னு தந்தி அடிக்கலை!

பாட்டு 1876-ல் அச்சில் வந்தது. சினிமான்னா அதோட சுபம் போட்டிருப்பாங்க. ஆனா 1880-ல் அவங்க சின்ன மகனும் காய்ச்சலில் இறந்தான். 'கடவுள் கொடுத்த தண்டனை'ன்னு பேசினவங்களும் இருந்தாங்க. (என்னை மாதிரி உளறுற ஆள் எல்லா ஊரிலும் உண்டு போல.) 1881-ல் ரெண்டு பேரும் ஒரு சிறு குழுவோட எருசலேம் போய், எந்த மதத்துக்காரர் வந்தாலும் உதவினாங்க. முதல் உலகப் போரில் ஊரே பசியில் கிடந்தப்போ, அந்தக் குழு கஞ்சி ஊத்தியது. 1925 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தாயை இழந்த ஒரு பச்சைக் குழந்தையை அன்னாவின் மகள் பெர்தா கையில் வாங்கினார். அதிலிருந்து ஒரு குழந்தைகள் இல்லம் உருவாச்சு. ஸ்பாஃபோர்ட் பேரில் எருசலேமில் அது இன்னிக்கும் நடக்குது.

'என்ன செய்வேன்?'ங்கிற கேள்விக்கு ஐம்பது வருஷமா எழுதின பதில் இது. பிள்ளைகளைத் திரும்பப் பார்ப்போம்கிறது அவங்க விசுவாசம். அது வலியைத் துடைச்சுப் போடலை. வலியோட நடக்க ஒரு பாதை காட்டியது.

போன ஞாயிறு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். இந்த முறை தத்துவம் எதுவும் இல்லை. 'பாப்பா வரைஞ்சதைப் பார்க்கலாமா அக்கா?'ன்னு மட்டும் கேட்டேன். நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. பக்கத்துக்குப் பக்கம் யானை. எல்லா யானைக்கும் அஞ்சு கால்!

அக்கா சிரிச்சாங்க. அழவும் செஞ்சாங்க. 'அவளை நிச்சயம் பார்ப்பேன் தம்பி. அதுவரைக்கும் சும்மா உட்கார முடியுமா? சண்டே ஸ்கூலில் அவ கிளாஸுக்கு நான்தான் இப்போ டீச்சர். அழுதுக்கிட்டேதான் போறேன்'னாங்க.

ஃப்ரெண்ட்ஸ், இப்படி ஒரு வீட்டுக்கு நீங்களும் ஒருநாள் போக வேண்டியிருக்கும். காரணம் சொல்லக் கிளம்பாதீங்க. குழந்தையோட பேரைச் சொல்லுங்க. பக்கத்தில் உட்காருங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் போங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்!