பத்து மீட்டர் இடம் போதும்!

கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் 2025 ஆகஸ்டில் நடந்த ஆசியத் துப்பாக்கிச் சுடுதல் சாம்பியன்ஷிப்பில், மகளிர் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கத்தை வென்றார் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்த பெண் என்று நாமெல்லாம் பூரித்தோம். பூரிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், அவரை உருவாக்கியதில் நம் பங்கு என்ன?

இளவேனிலின் பயணம் ஏறுமுகமாகவே இருந்ததில்லை. 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றபோது அவருக்கு 20 வயது. அதே ஆண்டு சீனாவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம். பதக்கம் உறுதி என்று நாடே நம்பிய டோக்கியோ ஒலிம்பிக்கில் 16-வது இடம். துவண்டுவிடாமல் 2023-ல் மீண்டும் ரியோவில் தங்கம் வென்று, பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். அங்கே இறுதிச் சுற்றுக்கு 8 பேர்தான் போக முடியும். இவருக்கு 10-வது இடம். 60 குண்டுகளில் அவர் எடுத்தது 630.7 புள்ளிகள். 631.5 எடுத்த சக இந்திய வீராங்கனை ரமிதா ஜிண்டால் 5-வதாக உள்ளே போய்விட்டார். இருவருக்கும் இடையே 0.8 புள்ளிதான்!

இந்த விளையாட்டின் கொடுமையும் அழகும் அதுதான். இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். இந்தப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் முற்றுப்புள்ளி அளவு. விறைப்பான உடுப்புக்குள் நின்றபடி, சுமார் 5 கிலோ துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டு, 75 நிமிடங்களுக்குள் 60 முறை அதைக் குறிபார்க்க வேண்டும். மூச்சு சற்றுப் பிசகினாலும் பதக்கம் போய்விடும். சிறு வயதிலிருந்து அன்றாடம் பழகினால்தான் இந்த நிதானம் கைவரும். அதற்கு வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சிக் கூடம் வேண்டும்.

இளவேனிலுக்கு அது அகமதாபாத்தில் கிடைத்தது, ககன் நரங் தொடங்கிய ‘கன் ஃபார் குளோரி’ அகாடமி மூலமாக. லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நரங்கும் சென்னையில் பிறந்தவர்தான், வளர்ந்தது ஹைதராபாத்தில். பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கோ, பெற்றோரே வீட்டில் பயிற்சிக் கூடம் கட்டிக்கொடுத்தார்கள். எத்தனை பெற்றோரால் அது முடியும்? போட்டித் தரத் துப்பாக்கியின் விலையே லட்சங்களில் இருக்கிறது.

ஏர் ரைஃபிளுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. பத்து மீட்டர் தூரத்துக்குச் சுடும் வசதியுள்ள ஒரு கூடம், மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தச் சில துப்பாக்கிகள், நிரந்தரச் சம்பளத்தில் ஒரு பயிற்சியாளர்... அரசுப் பள்ளி மாணவிக்கும் இந்தக் கதவு திறந்துவிடும். அதிலும் பயிற்சியாளர்தான் முக்கியம். ஆள் இல்லாத கூடம் பூட்டியே கிடக்கும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் பயிற்சியாளருடன் இத்தகைய கூடத்தை அமைக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குப் பணம் ஒதுக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.